குற்ற எண் ஏறினால் குற்றம் ஏறிவிட்டதா?

நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த புதிது. பஸ் ஸ்டாண்டில் சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பாட்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கீறல், ரவிக்கையில் இரண்டு துளி ரத்தம். ரைட்டர் மனுவை எழுதி வாசித்துக் காட்டினார்: "பேருந்தில் ஏறும்போது என்னுடைய மூன்று சவரன் சங்கிலி எங்கோ தவறிவிட்டது."

"தவறலய்யா, அத்துக்கிட்டு ஓடிட்டான்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நகை கெடச்சாச் சரிதானே?"

பாட்டி பெருவிரலை மை பெட்டியில் ஒற்றி வைத்துவிட்டு, சி.எஸ்.ஆர். ரசீதை (வழக்குப் பதியாமல், மனு வந்தது என்று மட்டும் தரும் சீட்டு) முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த மாதக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் ஸ்டேஷனில் வழிப்பறி பூஜ்யம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் என்னை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் போட்டார்கள். ஸ்டேஷன்களிலிருந்து மாதாமாதம் வரும் கணக்கைத் தொகுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது டெல்லிக்குப் போய், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையாக வெளிவரும். அந்த அறிக்கை வரும் நாளில் தொலைக்காட்சியில் "குற்றங்கள் இத்தனை சதவீதம் உயர்வு" என்று ஓடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டி ஞாபகத்துக்கு வருவார். அறிக்கையில் இருப்பது நடந்த குற்றம் அல்ல, பதிவான வழக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு ரைட்டர் உட்கார்ந்திருக்கிறார்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019-இல் சுமார் 4.55 லட்சமாக இருந்த வழக்குகள் மறு ஆண்டு 13.77 லட்சமாகி, நாட்டிலேயே நாம் முதலிடத்துக்குப் போனோம். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடம் அது! ஊரடங்கில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் மீது போட்ட வழக்குகளே பெரும்பகுதி. அரசு உத்தரவை மீறியதற்கான, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் நாடு முழுவதும் 2019-இல் பதிவானவை 29,469, 2020-இல் 6,12,179. காய்கறி வாங்கப் போனவரையும் கூட்டித்தான் அந்த முதலிடம் கிடைத்தது.

அதே ஆண்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,05,326-லிருந்து 3,71,503-ஆகக் குறைந்ததாக அறிக்கை சொன்னது. தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்களோ 19,730-லிருந்து 23,722-ஆகக் கூடின. அடிக்கிற கணவன் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறான், பஸ் ஓடவில்லை, அம்மா வீட்டுக்கும் போக முடியாது. அவள் எப்படி ஸ்டேஷனுக்கு வருவாள்? போனில் ஆணையத்துக்குச் சொல்ல முடிந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வழக்கு கூடுவது சில சமயம் நல்ல சேதி. 2012-இல் நாட்டில் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 24,923, 2013-இல் 33,707. ஒரே வருடத்தில் ஆண்கள் இவ்வளவு கெட்டுப்போனார்களா? 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவியைக் கும்பல் வன்புணர்ந்த சம்பவத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்றானது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னால், 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. மகளிர் ஸ்டேஷன் வந்த ஊர்களில் மனுக்கள் வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அடி புதிதல்ல, சொல்ல ஓர் இடம் கிடைத்ததுதான் புதிது.

அப்படியானால் எந்தக் கணக்கைத்தான் நம்புவது? என்னைக் கேட்டால் கொலை, அப்புறம் வண்டித் திருட்டு. வண்டி போனால் இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், அதனால் உரிமையாளர் விடமாட்டார். கொலையில் பிணம் இருக்கிறது, உறவுக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் மறியலுக்கு உட்காருவார்கள். அதிலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் சந்தேக மரணமாகப் போட்டு அப்படியே கிடக்கிற கட்டுகள் உண்டுதான். ஆனால் மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது சுத்தமான கணக்கு.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 1992-இல் இந்தியாவில் 40,105 கொலைகள். லட்சம் பேருக்கு 4.6. 2022-இல் 28,522, லட்சம் பேருக்கு 2.1. முப்பது வருடத்தில் விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. டீக்கடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அன்றைக்கு ஒரு கொலை மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வரும். இன்றைக்கு சிசிடிவி காட்சியோடு அரை மணி நேரத்தில் நம் போனுக்கே வந்துவிடுகிறது. பயம் கூடியிருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை.

கேரளாவையும் பீகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த வழக்கு விகிதத்தில் கேரளா பீகாரைவிட வெகு மேலே நிற்கும். கொலை விகிதத்தைப் பார்த்தால் 2022-இல் கேரளா 0.9, பீகார் 2.3. படித்த ஜனம் ஸ்டேஷன் படியேறுகிறது, ஏறினால் ரசீதும் கேட்கிறது. வழக்கை மட்டும் பார்த்து "படித்த மாநிலத்தில்தான் குற்றம் அதிகம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

சரி, கொலை ஏன் குறைந்தது? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: எங்கள் ஆட்சி, கடுமையான சட்டம், என்கவுன்டர். முப்பது வருடத்தில் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின, கோடு மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நான் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, கத்தியை எடுக்கிற வயது பெரும்பாலும் இருபதைச் சுற்றித்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 2005-06 கணக்கெடுப்பிலேயே 1.8-க்கு வந்துவிட்டது, தெருவில் விடலைப் பையன்களின் பங்கே குறைந்துகொண்டு வருகிறது. இன்னொன்று, 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ். வயிற்றில் குத்துப்பட்டவனை அதற்கு முன்னெல்லாம் வாடகைக் காருக்கு ஆள் அனுப்பி, பேரம் பேசித்தான் ஏற்றுவார்கள். அதே கத்தி, அதே ஆத்திரம். போய்ச் சேர்ந்தால் கொலை, அன்றைய 302-ஆவது பிரிவு; பிழைத்தால் கொலை முயற்சி, 307. அதனால் கொலைக் கணக்கைப் பார்க்கும்போது பக்கத்தில் கொலை முயற்சிக் கணக்கையும் வைத்துப் பார்ப்பேன். 2022-இல் அது கொலையைவிட வெகு அதிகம். ஜனங்களுக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.

காரணம் தேட வேண்டிய இடமும் ரவுடி பட்டியல் அல்ல. 2022-இன் 28,522 கொலைகளில் தகராறால் நடந்தவை 9,962, முன்பகையால் 3,761. ஆதாயக் கொலை 1,884தான். வரப்பு, பாகப்பிரிவினை, கொடுத்த கடன், குடித்துவிட்டுப் பேசிய பேச்சு. நில அளவை மனு ஆறு மாதம் தாசில்தார் அலுவலகத்தில் தூங்கினால், கடைசியில் அது எங்கள் மேசைக்கு வரும்.

ஆவணக் காப்பகத்தில் என்னை அதிகம் குழப்பியது களவுபோன சொத்தின் மதிப்பு. ஒரு வருடம் "திருட்டு தலைகால் தெரியாமல் ஏறுகிறது" என்று மேலதிகாரி கடிந்துகொண்டார். வழக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வழக்குகளும் கூடவில்லை, போன சவரனும் கூடவில்லை. ஏறியது தங்கம். 2005 வாக்கில் சவரன் ஐயாயிரம் ரூபாய் சுமாரில் இருந்தது, 2024 மார்ச்சில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அதனால் ரூபாயை விட்டுவிட்டு சவரனில் கணக்கெழுதிக் கொடுத்தேன். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

கஞ்சா வழக்கு வேறு ரகம். புகார்தாரர் கிடையாது, போலீஸ் தேடினால்தான் வழக்கே. "வேட்டை" என்று அறிவித்த மாதம் எண் குதிக்கும், அடுத்த மாதம் படுக்கும். எல்லையும் மாறும்: 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி காவல் ஆணையரகங்களாயின, அதை மறந்துவிட்டுச் சென்னைக் கணக்கைப் பழையதோடு ஒப்பிட்டால் பல ஸ்டேஷன்கள் காணாமல் போயிருக்கும்.

இப்போது சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. எங்கள் வாயில் ஊறிப்போன 302 இன்று 103 ஆகிவிட்டது; பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது. அதுவரை சங்கிலிப் பறிப்பு வழிப்பறியிலோ திருட்டிலோ கலந்து கிடந்தது. இனி யாராவது "தமிழ்நாட்டில் வழிப்பறி குறைந்தது" என்று வரைபடம் போட்டுக் காட்டினால், அந்தப் பாட்டியின் சங்கிலி எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.