டேப்லெட் போட்டாச்சா?

அக்கா வீட்டில் ஒரு ராத்திரி. தோசை வார்த்துக்கொண்டே அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "டேப்லெட் போட்டாச்சா?" கேட்டது அம்மாவை, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் பற்றி. பதில் உள்ளறையிலிருந்து வந்தது. "போட்டாச்சும்மா, எழுபது பர்சென்ட் ஏறிருச்சு." அவள் மகன் சார்ஜில் போட்டிருந்த டேப்லெட்டைச் சொன்னான். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மாத்திரைக்கென்று எடுத்து வைத்த தண்ணீர் அதற்கே தீர்ந்தது.

மாத்திரைக்கும் கணினிக்கும் எப்படி ஒரே பெயர் வாய்த்தது? சாப்பாட்டு டேபிளைக் கேட்டால் சொல்லும். மூன்றும் ஒரே குடும்பம்.

குடும்பத்தின் மூத்த தலைமுறை, லத்தீன் மொழியின் 'தாபுலா'. பலகை என்று பொருள். ரோமானியர்கள் மரப்பலகையில் ஆழமில்லாமல் குழி செதுக்கி, அதில் மெழுகை ஊற்றி, காய்ந்ததும் எழுத்தாணியால் எழுதுவார்கள். எழுத்தாணியின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. எழுதியது வேண்டாமென்றால் தட்டை முனையால் மெழுகை வழித்துவிட்டால் போதும், புதுப் பலகை தயார். எதுவும் பதியாத மனதைத் தத்துவக்காரர்கள் 'தாபுலா ராசா' என்பது இதனால்தான்: வழித்துவிட்ட பலகை. நம் ராசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலகையில் எழுதியது பெரும்பாலும் கணக்கும் பட்டியலும். ஆகவே கொஞ்ச காலத்தில் பட்டியலுக்கே பலகையின் பெயர் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பிக்கும் பதிமூன்றாம் டேபிள், சுவரில் ஒட்டிய டைம் டேபிள், வேதியியல் வகுப்பின் பீரியாடிக் டேபிள் எல்லாம் இந்தக் கிளை. நாமோ இவற்றை வாய்ப்பாடு, கால அட்டவணை, தனிம அட்டவணை என்கிறோம். அவர்கள் எழுதிய பலகையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். வாய்ப்பாட்டில் நாம் ஒப்பிக்கும் வாயைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

சின்னப் பலகை என்பதுதான் 'டேப்லெட்'. தட்டையாக, வில்லை வில்லையாகச் செய்த மருந்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1843இல் வில்லியம் பிராக்கடன் என்ற ஆங்கிலேயர், தூளை அச்சில் போட்டு அழுத்திக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மனிதர் ஓவியர், பென்சில் கரியும் மருந்துத் தூளும் ஒரே காப்புரிமையில் இருந்தன. 1884இல் லண்டனின் பரோஸ் வெல்கம் நிறுவனம் தன் அழுத்திய மருந்துகளுக்கு 'டேப்லாய்ட்' என்று ஒரு பெயரைப் பதிவு செய்தது. சிறிய இடத்தில் அடக்கி அமுக்கிய எதையும் மக்கள் அப்படிச் சொல்லத் தொடங்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சிறிய அளவுப் பத்திரிகையின் பெயராகிவிட்டது. பரபரப்புச் செய்தித்தாளின் பெயர் மருந்து டப்பாவிலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அப்புறம் கணினி வந்தது. கையில் பிடித்து எழுதும் பலகை போலிருந்ததால் அதுவும் டேப்லெட். இரண்டாயிரம் வருஷம் சுற்றிவிட்டுச் சொல் ரோமானியன் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். புதுப் பொருள் எதுவும் ஆதிப் பொருளிலிருந்து நேராகக் குதிக்கவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு எட்டு வைத்து வந்தது. பலகையிலிருந்து வில்லை, வில்லையிலிருந்து மருந்து, மருந்திலிருந்து பத்திரிகை. முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால்தான் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஒரு சொல் இப்படிப் பல பொருள் தாங்குவதற்கு 'பாலிசெமி' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியறிஞர் மிஷேல் பிரெயால், ஆண்டு 1897.

எட்டு வைக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வடிவ ஒப்புமை. உச்சி தட்டையாக உயர்ந்த நிலத்தை ஆங்கிலம் 'டேபிள்லேண்ட்' என்கிறது. நாம் பீடத்தைப் பார்த்துப் பீடபூமி என்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டேபிள் மவுண்டன் மேல் படர்ந்து வழியும் வெண்மேகத்துக்கு 'டேபிள்கிளாத்' என்றே பெயர். மேசை என்று சொன்னபின் விரிப்பு இல்லாமல் எப்படி?

இன்னொன்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம்: ஆகுபெயர். ஒன்றின் பெயர் அதோடு ஒட்டியிருக்கும் மற்றொன்றுக்கு ஆகிவருவது. கல்யாணப் பந்தியில் "எத்தனை இலை விழுந்தது?" என்றால் வாழை மரத்தடியில் போய் யாரும் எண்ணுவதில்லை. இலை அங்கே சாப்பாடு, சாப்பிட்ட ஆள். ஆங்கிலத்தில் இதே வேலையைப் பார்த்தது 'போர்டு'. இடைக்கால இங்கிலாந்தில் பெரிய கூடங்களில் சாப்பாட்டு மேசை என்பது தாங்கிகள் மேல் வைத்த நீளப் பலகைதான். சாப்பிட்டு முடித்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அந்தப் பலகை சாப்பாடு ஆனது. சாப்பாடு போட்டுத் தங்கவைக்கும் இடம் போர்டிங் ஆனது. பலகையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் கூட்டமும் போர்டு ஆனது. கரண்ட் போனால் நாம் திட்டும் மின்சார வாரியத்தை ஊரில் இன்னும் 'போர்டு' என்பவர்கள் உண்டு. திட்டுவது பழைய ஆங்கிலேயச் சாப்பாட்டுப் பலகையை.

ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் டேபிளே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். உடனே விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் பொருள். அமெரிக்கர்களுக்கோ டேபிள் செய்வது என்றால் ஒத்திப்போடுவது, கிடப்பில் போடுவது. நீளமான, காரசாரமான வாக்குவாதத்துக்குப் பிறகே இரு தரப்புக்கும் தேவை ஒன்றுதான் என்று புரிந்ததாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மேசையில் ஒரு காகிதத்தை வைப்பது பேசுவதற்காகவும் இருக்கலாம், 'அங்கேயே கிடக்கட்டும்' என்றும் இருக்கலாம். இந்தியா இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கம்.

மரபுத்தொடர்கள் வேறு ரகம். 'டர்ன் தி டேபிள்ஸ்' என்றால் நிலைமையைத் தலைகீழாக்கித் தோற்பவர் ஜெயிப்பது. மேசையைக் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 'டேபிள்ஸ்' பேக்கமன் வகைத் தாயக்கட்டை ஆட்டத்தின் பழைய பெயர். பலகையை அப்படியே திருப்பி வைத்தால் எதிராளியின் நல்ல நிலை நமக்கு, நம் மோசமான நிலை அவருக்கு. ஆட்டத்தின் அந்தப் பெயர் மறைந்துவிட்டது, தொடர் மட்டும் உறைந்து நிற்கிறது. உறைந்ததில் கை வைக்க முடியாது. கடன் வாங்கியவன் கம்பி நீட்டினான் என்றால் ஊருக்கே புரியும். கயிறு நீட்டினான் என்றால் யாருக்குப் புரியும்? மரபுத்தொடரை மனம் சொல் சொல்லாகக் கோக்காமல் மொத்தமாக எடுக்கிறது என்று மொழி உளவியல் ஆய்வாளர்கள் டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் வாதிட்டார்கள். அர்த்தமுள்ள தொடரா என்று கேட்டபோது, மரபுத்தொடர்களுக்கு மக்கள் சாதாரணத் தொடர்களைவிட வேகமாகப் பதில் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஸ்வின்னி செய்த இன்னொரு சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுவே. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிப் பேச்சாகவே போகும் வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டு, 'பக்' வந்த கணத்தில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். அது உண்மையான சொல்தானா என்று சட்டென்று சொல்ல வேண்டும். 'எறும்பு' என்று காட்டினாலும் 'உளவாளி' என்று காட்டினாலும் பதில் வேகமாக வந்தது. வேறு பொருளுக்கு இடமே இல்லாத வாக்கியத்திலும் மனம் இரண்டு கதவையும் திறந்திருக்கிறது! மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். ஆக, நாம் பொருளைத் தேடுவதில்லை. எல்லாம் தானாக வந்து நிற்க, வேண்டாததை அனுப்பிவிடுகிறோம். அனுப்பியது நமக்கே தெரிவதில்லை.

எதைக் கொண்டு அனுப்புகிறோம்? தொல்காப்பியம் இங்கே ஒரு நுட்பமான பிரிவு வைக்கிறது: வினை வேறுபடும் பல பொருள் ஒரு சொல், வினை வேறுபடாத பல பொருள் ஒரு சொல். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு, வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். வினை கைவிட்ட இடத்தில் பொருளை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கணம்.

அக்கா மாட்டிக்கொண்டது இந்த இரண்டாம் வகையில்தான். மாத்திரையையும் போடலாம், சார்ஜும் போடலாம். "முழுங்கியாச்சா?" என்று கேட்டிருந்தால் பையன் வாயைத் திறந்திருக்க மாட்டான். இப்போதெல்லாம் "சுகர் டேப்லெட் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறாள். அந்த வீட்டில் பதில் இன்னும் உள்ளறையிலிருந்துதான் வருகிறது: "ஆச்சி போடல, நான் பார்த்தேன்."