முதலில் ரசமட்டம், அப்புறம்தான் மெத்தை

டிரெய்லர் முகாம் படங்களைப் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவந்த சின்ன வீடு, அதன் பக்கவாட்டில் விரித்த துணிப் பந்தல், கீழே பூப்போட்ட பாய், மெத்தை போட்ட இரண்டு நாற்காலிகள், மேலே மஞ்சள் விளக்குச் சரம், சற்றுத் தள்ளி ஒரு நெருப்பு. அதே பொருட்களை வாங்கி அதே மாதிரி அடுக்குவது சுலபம். ஆனாலும் மதியம் அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார முடியாமல் புழுங்கும். இரவில் விளக்கைப் பூச்சி மொய்க்கும். விடியும்போது மெத்தையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பால் திரிந்திருக்கும். வெப்பம், ஈரம், ஒளி மூன்றும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பது படத்தில் தெரியாது. அவற்றுக்கு வழி செய்துவிட்டால் அழகுக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் முகாமுக்கு முதலில் வாங்க வேண்டியது ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதேதான். தரை சாய்ந்திருந்தால் தூக்கத்தில் உருளுவோம், தட்டில் குழம்பு ஒரு பக்கம் ஓடும் என்பதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஃபிரிட்ஜ்.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் என்ற மோட்டார் உண்டு. பல டிரெய்லர்களில் இருப்பது வேறு வகை. அதில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கும் பெட்டி அது. 1922இல் ஸ்டாக்ஹோமின் ராயல் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். அடியில் ஒரு சின்ன கேஸ் சுடர் அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சூடாக்குகிறது. காபி வடிகருவியில் குமிழிகள் நீரை மேலே தள்ளுவதுபோல, இங்கேயும் குமிழிகளே கரைசலை மேலே ஏற்றுகின்றன. பிரிந்த அம்மோனியா ஆவி உச்சிக்குப் போய், பின்பக்கக் குழாய்களில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் வழிந்து இறங்கி ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனுடையது, அம்மோனியாவின் பங்கு மிகக் குறைவு. ஈரத் துணி வறண்ட காற்றில் சட்டென்று உலர்கிறதல்லவா, அதுபோல அம்மோனியா குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடுகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் அம்மோனியாவை மறுபடி உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் மேலே திரும்ப, சுற்று மீண்டும் தொடங்குகிறது.

இத்தனையிலும் திரவத்தை இறக்கிக் கொண்டுவருவது புவியீர்ப்பு மட்டும்தான். டிரெய்லர் சாய்ந்து நின்றால், வழிய வேண்டிய கரைசல் வழியில் எங்காவது தேங்கும். சுடருக்கு மேலே திரவம் குறையும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், துருப்பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் உப்பு படிந்து பாதையை அடைக்கும். ஒருமுறை அடைத்தால் பெரும்பாலும் அந்தக் குளிர்ச் சுற்றையே மாற்ற வேண்டியதுதான். பொதுவாகப் பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை வரை தாங்கும் என்று சொல்வார்கள். உங்கள் பெட்டியின் கையேட்டில் இருப்பதே சரியான கணக்கு. ஓடும்போது மேடு பள்ளத்தில் ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. வண்டி ஆடிக்கொண்டே இருப்பதால் திரவம் ஓரிடத்தில் தேங்காது. நின்ற பிறகுதான் ஆபத்து. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்த புது டிரெய்லர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அவர்கள் நல்ல தூக்கத்துக்காக மட்டம் பார்த்தால் போதும்.

மட்டம் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பக்கவாட்டு மட்டம்: தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்துவது. அப்புறம் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை போடுவது நல்ல காரியமாக இருக்கும் அபூர்வமான இடம் இது; அதைப் போடாமல் காரிலிருந்து கழற்றவே கூடாது. கழற்றியபின் முன்பக்க ஜாக்கியை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம். கடைசியாக நான்கு மூலைக் கால்கள். இந்த மூலைக் கால்களைத்தான் நிறையப் பேர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். அவை வண்டி ஆடாமலிருக்க மட்டுமே, தூக்குவதற்கல்ல. அவற்றால் எடையைத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாக மூடாது.

சரி, வண்டி நேராக நின்றுவிட்டது. அடுத்தது நிழல்.

மேகமில்லாத நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் திறன் சுமார் 1000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர் பந்தல், ஆறு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பத்தை உங்கள் தலைக்கு மேலே தடுத்து நிற்கிறது. தடுத்த வெப்பம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அடர்நிறத் துணி பெரும்பகுதியை உறிஞ்சிச் சூடாகிவிடும். சூடான துணி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அதில் ஒரு பங்கைக் கீழே, உங்கள் மேல், அனுப்பும். வெயில் படாமலே சுடுவதுபோல் இருப்பது இதனால்தான். வெளிர்நிறத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிக் கண் கூசும். வெளிப்பக்கம் வெளிர்நிறமும், ஒளி புகாத நெருக்கமான நெசவும் உள்ள துணியே என் தேர்வு. கருப்புப் பந்தல் படத்தில் கம்பீரமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

பளபளக்கும் வெள்ளி டிரெய்லர்களிலும் இதே கதைதான். ஏர்ஸ்ட்ரீம் என்ற டிரெய்லர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த கிளிப்பர் என்ற மாடல் முதல் அந்த மெருகேற்றிய அலுமினிய உடல் புகழ்பெற்றது. கண்ணாடிபோல் மின்னும் உலோகம் வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மெருகேற்றிய அலுமினியம் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பினாலும், உறிஞ்சிய கொஞ்சத்தை அகச்சிவப்பாக வெளியேற்றுவதில் மகா கருமி. வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் நன்றாகச் செய்யும். காற்றில்லாத வெயிலில் வெள்ளைக் கூரைமேல் கை வைக்கலாம், மெருகுத் தகடு சுட்டுவிடும்.

பந்தலின் திசை துணியைவிட முக்கியம். உச்சி வெயிலை எந்தப் பந்தலும் தடுக்கும். மாலை வெயில் சாய்வாகக் கீழே நுழைந்துவிடும். டிரெய்லரின் உடல் மேற்கிலும் பந்தல் கிழக்கு நோக்கியும் இருக்கும்படி நிறுத்த முடிந்தால், பிற்பகல் முழுக்க டிரெய்லரே சுவராக நிழல் தரும். இதில் ஒரு சிக்கல்: ஃபிரிட்ஜ் வெப்பத்தை வெளியேற்றும் காற்றுத் துளைகள் அந்த மேற்குச் சுவரில் இருந்தால், நமக்கு நிழல் கிடைக்கும், அது வெயிலில் திணறும். துளைகள் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அவற்றை மறைத்து மடக்கு மேசையைச் சாய்த்து வைக்காமலும் இருங்கள்.

காற்றுக்குப் பந்தல் ஒரு பாய்மரம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 நியூட்டன் விசையைத் தரக்கூடும். நம் ஆறு சதுர மீட்டருக்கு அது கிட்டத்தட்ட 37 கிலோ எடைக்குச் சமம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது 150 கிலோ அளவுக்கு. அதனால்தான் நேற்று அசையாமல் நின்ற பந்தல் இன்று கம்பியோடு பிய்ந்து கூரைக்கு மேலே போகிறது. மழை வேறு விதமாகப் பழிவாங்கும். ஒரு சதுர மீட்டர் குழிவில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 கிலோ. எடை ஏற ஏறக் குழி ஆழமாகும், ஆழமான குழியில் இன்னும் தண்ணீர் சேரும். ஒரு மூலையை மட்டும் சற்றுத் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் வழிந்துவிடும், விஷயம் முடிந்தது. வெளியே கிளம்பும்போதும் தூங்கப் போகும்போதும் பந்தலைச் சுருட்டிவிடுவது நல்ல பழக்கம்.

பாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிபுரொப்பிலீன் நாரில் நெய்தது தண்ணீரை உறிஞ்சாது, உதறினால் மண் உதிர்ந்துவிடும், நெசவு இடைவெளி வழியே காற்றும் நீரும் இறங்கும். புல்தரையில் பல நாள் விரித்தே வைத்தால் அடியில் புல் வெளிறிச் செத்துவிடும் என்பதால் நடுநடுவே எடுத்துப் போடுங்கள். பாய், மேசை, நாற்காலி, விறகுத் தொட்டி என்று சேரச் சேர எடையும் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கனமான சாமான்களைப் பின்கோடியில் அடைத்தால் அந்த அழுத்தம் குறைந்து, வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளிய ஆரம்பிக்கும். கனமானவை சக்கர அச்சுக்கு அருகிலும் தாழ்வாகவும் இருக்கட்டும்.

இருட்டியதும் ஒளியின் ஆட்சி. விளக்கைப் பூச்சி ஏன் சுற்றுகிறது என்பதற்கு நிலவை வழிகாட்டியாக வைத்துப் பறக்கிறது, வெப்பத்தைத் தேடி வருகிறது என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டு வந்தன. 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வு அதிவேகக் கேமராக்களால் படம் பிடித்து வேறு ஒன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இயற்கையில் இரவிலும் வானம் தரையைவிடச் சற்று வெளிச்சமானது, ஆகவே எது வெளிச்சமோ அதுவே மேலே என்று பூச்சிக்குக் கணக்கு. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அது முதுகை அங்கே சாய்க்கிறது, சாய்ந்தபடி பறப்பதால் வட்டமடித்து மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் கீழேயிருந்து வந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. தலைக்கு மேலே பரவலாக ஒளிரும் வெள்ளைத் துணியை விரித்தபோதோ, தடுமாறாமல் கடந்து போயிற்று.

இதிலிருந்து முகாமுக்கு நான் எடுத்துக்கொள்வது இது: தரையில் வைத்து மேல்நோக்கி எரியும் விளக்குகள் வேண்டாம். கண்ணில் குத்தும் ஒற்றைப் பல்பைவிட, பந்தலின் அடிப்பக்கம் முழுக்க மங்கலாகப் பரவும் ஒளி மேல். அதோடு, பல பூச்சிகளின் கண் புற ஊதாவுக்கும் நீலத்துக்கும் கூர்மையானது. 2700 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள்) அல்லது அதற்கும் கீழான மஞ்சள் எல்இடியில் அந்த நிறங்கள் குறைவு. நம் கண்ணுக்கும் அது நல்லது. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை விளக்கு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். முகாமையே பேருந்து நிலையம்போல் ஒளிரவிட்டு நட்சத்திரம் தெரியவில்லை என்று வருந்துவோரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். கொசுவுக்கு விளக்கு பொருட்டல்ல. அது நம் மூச்சின் கார்பன் டை ஆக்சைடையும் உடல் வெப்பத்தையும் தேடி வருகிறது. அது பலவீனமாகப் பறப்பது, எனவே ஒரு சாதாரண மின்விசிறி அதைத் தள்ளிவிடும், மூச்சின் தடத்தையும் கலைத்துவிடும்.

நெருப்பின் புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். இரட்டைச் சுவர் உள்ள நெருப்புத் தொட்டிகளில் சுவர்களுக்கு நடுவே ஏறும் காற்று சூடாகி, மேல்விளிம்புத் துளைகள் வழியே வந்து அந்தப் புகையை மறுபடி எரிக்கிறது. விறகு ஈரமாக இருந்தால் எந்தத் தொட்டியும் உதவாது. நெருப்பின் வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தொட்டி பந்தலுக்கு அடியில் கூடாது. கரி அடுப்பை, அணைந்துவிட்டதுபோல் தெரிந்தாலும், டிரெய்லருக்குள் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குபவரை அது எழுப்பாது.

பின்னிரவு பனியின் நேரம். தெளிந்த வானத்தின் கீழ் எல்லாப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக விண்ணுக்கு இழக்கிறது. நாற்காலி மெத்தை சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிட, காற்றிலுள்ள ஆவி அதன்மேல் நீராகப் படிகிறது. மேகமோ மரக்கிளையோ மேலே இருந்தால் அவை பதிலுக்கு வெப்பத்தை அனுப்பும், மெத்தை உலர்ந்தே இருக்கும்.

உள்ளே நடப்பதும் அதேதான், ஆனால் தண்ணீர் நம்முடையது. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை விடுகிறார். இருவர், எட்டு மணி நேரம்: 640 கிராம். 5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள அறையில் 22 கன மீட்டர் காற்று. 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் ஆவி 17 கிராம்தான். மொத்தம் 380 கிராம் சொச்சம். தொடங்கும்போதே காற்றில் பாதி ஈரம் இருக்கும் வேறு. மிச்சம் சன்னல் கண்ணாடியிலும், உலோகச் சட்டத்திலும், யாரும் பார்க்காத மெத்தையின் அடிப்பக்கத்திலும் இறங்கும். கேஸ் அடுப்பு இன்னும் சேர்க்கும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால்தான் நனைவோம். ஒரு சன்னலையும் கூரைத் துளையையும் விரற்கடை அளவு திறந்து வைத்தால் ஈரக் காற்று மேலே வெளியேற, உலர்ந்த காற்று கீழே நுழையும். மெத்தைக்கு அடியில் பலகைச் சட்டம் போட்டுக் காற்றுக்கு இடம் விட்டால் பூஞ்சையும் வராது.

காலையில் கிளம்பும் அவசரத்தில் பந்தலை ஈரத்தோடு சுருட்ட நேரலாம். வேறு வழியில்லையென்றால் சுருட்டுங்கள், ஆனால் அடுத்து நிற்கும் இடத்தில் முதல் வேலையாக அதை விரித்துக் காயவிடுங்கள். ரசமட்டம் பார்த்து முடித்த பிறகு, அதாவது.