நீல ஒயர் சொன்னாதான் ஃபேன் அடங்கும்

எங்க அபார்ட்மென்ட்ல மேல் வீட்டு அண்ணன் போன மாசம் புதுசா கம்ப்யூட்டர் சிஸ்டம் அசெம்பிள் பண்ணாரு, பார்ட்ஸ் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு வாங்குனது. மறுநாளே கூப்பிட்டு "தம்பி, பட்டனை அமுக்குன உடனே ஃபேன் ஹூஊஊன்னு கத்துது, நாலஞ்சு செகண்ட்ல தானா அடங்கிடுது, பீஸ் ஃபால்ட்டா, கொண்டு போய் மாத்திடவா"ன்னு கேட்டாரு. மாத்தவே வேணாம்ணே, நல்ல ஃபேன்தான் அப்படிக் கத்தும்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு, அதுக்கு கேபினெட்டைத் திறந்து ஒரு ஒயரைக் காட்ட வேண்டியதாப் போச்சு.

ப்ராசஸர் ஃபேன் கனெக்டர்ல நாலு ஒயர் வரும். கருப்பு கிரவுண்ட், மஞ்சள் 12 வோல்ட், பச்சை ஃபேன் என்ன வேகத்துல சுத்துதுன்னு மதர்போர்டுக்குத் திருப்பிச் சொல்றது, ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்பு அனுப்பும். நாலாவது நீலம், வேகத்தைக் கட்டுப்படுத்துறது இதுதான். (சில ஃபேன்ல நாலுமே கருப்பா இருக்கும், அப்போ வரிசையைப் பார்த்துதான் கண்டுபிடிக்கணும்.) நீல ஒயர்ல சிக்னல் செகண்டுக்கு ஏறக்குறைய 25,000 தடவை ஆன் ஆஃப் ஆகும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஆன்ல நிக்குதோ அதை வெச்சு வேகம் கூடும் குறையும். ஏன் 25,000ன்னா, மனுஷன் காதுக்கு 20,000க்கு மேல கேக்காது, இதுவே கம்மியா வெச்சிருந்தா மோட்டார்லேர்ந்து கீச்சுனு ஒரு சத்தம் வந்துட்டே இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த ஒயர்ல சிக்னலே வரலன்னா ஃபேன் நின்னுடும்னுதானே நினைப்போம்? நான் ஒரு பழைய ஃபேன்ல செஞ்சு பார்த்தேன். சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு, ஊக்கால நீல ஒயரை மட்டும் கனெக்டர்லேர்ந்து உருவிட்டு ஆன் பண்ணேன், விண்டோஸ் வந்து பத்து நிமிஷம் ஆகியும் இரைச்சல் இறங்கவே இல்ல, முழு வேகத்துலயே ஓடிட்டிருந்துச்சு. காரணம் ஃபேனுக்கு உள்ளேயே இருக்கு. அந்த ஒயரை யாரும் தொடலன்னா அது தானா 'முழுசா ஆன்'ங்கிற நிலைக்குப் போற மாதிரிதான் சர்க்யூட்டைப் போட்டிருக்காங்க. போர்டால அந்த ஒயரோட வோல்டேஜைக் கீழ இழுக்க மட்டும்தான் முடியும். அதாவது போர்டு ஃபேனை ஓடச் சொல்றதே கிடையாது, அடங்குன்னு மட்டும்தான் சொல்லுது. போர்டு செத்தாலும் ஒயர் அறுந்தாலும் ப்ராசஸர் வெந்து போகக் கூடாதுன்னு யோசிச்சு வெச்ச ஏற்பாடு இது, எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா ஸ்டார்ட்டிங் சத்தம் தானா விளங்கிடும். பட்டனை அமுக்குன உடனே எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள கரண்ட் குடுக்கிற பெட்டி) 12 வோல்ட்டைக் குடுத்துடும், ஃபேன் அந்த நிமிஷமே கிளம்பிடும், ஆனா ப்ராசஸர் இன்னும் முழிக்கவே இல்ல. வோல்டேஜ் நிலையா வந்துடுச்சுன்னு எஸ்எம்பிஎஸ் சிக்னல் குடுத்த பிறகுதான் அது வேலையை ஆரம்பிக்கும், அப்புறம் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி போர்டுல ஓடுற சின்ன புரோக்ராம்) ஓடணும், டெம்பரேச்சர் எவ்வளவுன்னு பார்க்கணும், பச்சை ஒயர்ல துடிப்பு வருதான்னு பார்க்கணும் (வரலன்னா ஸ்க்ரீன்ல ஃபேன் எரர்னு நிறுத்திடும்), அதுக்கப்புறம்தான் நீல ஒயர்ல அடங்குன்னு சொல்லும். அந்த நாலஞ்சு செகண்ட் ஃபேனுக்கு மேய்ப்பன் இல்லாத நேரம். எல்லா போர்டும் ஒரே மாதிரி இல்ல, சிலது முதல்லேர்ந்தே மிதமான வேகத்துல வெச்சிருக்கும், அதுல இந்த சத்தம் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுக்கு நம்ம வீட்டு சீலிங் ஃபேனே போதும். கொஞ்சம் பழசாயிட்டா ரெகுலேட்டரை ஒண்ணுல வெச்சு சுவிட்ச் போட்டா அசையாது, அஞ்சுல வெச்சு சுத்த விட்டு அப்புறம் ஒண்ணுக்குக் குறைச்சா நல்லா ஓடும். நிக்கிறதைக் கிளப்ப வேண்டிய விசை, ஓடுறதை ஓட வைக்கிறதை விட அதிகம். கம்ப்யூட்டர் ஃபேனும் அப்படித்தான், ஆரம்பத்துல ஒரு தள்ளு தேவை.

சத்தம் ஏன் அவ்வளவு பெருசாத் தெரியுதுன்னா, ஃபேன் வேகம் ரெட்டிப்பானா காத்தும் ரெட்டிப்பாகுது, இழுக்கிற கரண்ட் பவர் எட்டு மடங்காகுது, சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறுனாலே காதுக்கு ரெட்டிப்பு சத்தமாத் தெரியும். அதனாலதான் 800 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 800 சுத்து) இருக்கிறதே தெரியாத ஃபேன் 1,600ல ரூமையே நிரப்புது. ஓஎம்ஆர் பக்கம் ஆபீஸ்ல சர்வர் ரூம் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒல்லியான சர்வர் பெட்டிக்கு உயரம் 44 மில்லிமீட்டர்தான், உள்ள 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன்தான் போட முடியும், அது 10,000 ஆர்பிஎம்முக்கு மேல சுத்தும், ஆன் பண்ணா பக்கத்துல நின்னு பேச முடியாது.

கவலைப்பட வேண்டியது சத்தம் இறங்காத சிஸ்டத்தைப் பத்திதான். நம்ம ஊர் வெயில்ல இது சகஜம். 2003 மே 31ல சென்னையில 45 டிகிரி அடிச்சிருக்கு. ரூம் 25 டிகிரில இருக்கும்போது 60ல நிக்கிற ப்ராசஸர், ரூம் 38 ஆனா அதே ஃபேன் வேகத்துல ஏறக்குறைய 73க்குப் போயிடும், அதைத் தடுக்க ஃபேன் வேகமா ஓடும். அதோட நம்ம ஊர் ஈரப்பதத்துல தூசி, ப்ராசஸர் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க் இடுக்குல பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டிக்கும். பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுங்க. ப்ளோயர் அடிக்கிறதா இருந்தா இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா காத்துல தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும்.

அண்ணன் வீட்டுல அன்னிக்கு மறுபடி ஆன் பண்ணிப் பார்த்தோம். ஹூஊஊன்னு கிளம்புச்சு, பயாஸ் படம் ஸ்க்ரீன்ல வந்துச்சு, அடுத்த செகண்டே சத்தம் இறங்குச்சு. "இப்போ நீல ஒயர் சொல்லிடுச்சா?"ன்னு கேட்டாரு. சொல்லிடுச்சுன்னேன்.