தொடக்கப் பள்ளிக்கு வரும் விளையாட்டு மானியம்: 5,000 ரூபாயில் என்ன வாங்கலாம், யார் கேட்கலாம்?

உங்கள் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியானால் பந்து, ஸ்கிப்பிங் கயிறு போன்றவற்றை வாங்குவதற்கென்றே அந்தப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்று நாம் சொல்லும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் வரும் விளையாட்டு மானியம் இது. நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை. சர்வ சிக்ஷா அபியான் உள்ளிட்ட மூன்று பழைய திட்டங்களை 2018-இல் ஒன்றாக்கியபோது இந்த மானியமும் வந்தது. செலவில் 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநில அரசுடையது.

இதில் ஒரு கோளாறு உண்டு. தொடக்கப் பள்ளிக்கான தொகை மாணவர் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 25 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளிக்கும் 5,000, 300 பேர் படிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் 5,000. முன்னதில் தலைக்கு 200 ரூபாய், பின்னதில் 17 ரூபாய்கூட இல்லை. பராமரிப்பு, சுத்தம் போன்றவற்றுக்கு வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறது. விளையாட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு என்று புரியவில்லை.

இன்னொன்று, இந்தப் பணம் சாமானுக்குத்தான், ஆளுக்கு அல்ல. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பகுதிநேரப் பயிற்றுநர்கூட 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100 மாணவருக்கு மேல் இருந்தால். ஆக, பி.டி. பீரியடில் பந்தை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப எண்ணி வைப்பதும் வகுப்பாசிரியர் வேலைதான். வாங்கும்போதே இதை மனதில் வைக்க வேண்டும். பெரிய கேரம் போர்டு வாங்கினால் பணத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், ஒரு நேரத்தில் நாலு பேர்தான் ஆடலாம். டென்னிகாய்ட் வளையம், ஸ்கிப்பிங் கயிறு, ரப்பர் பந்து என்று வாங்கினால் வகுப்பு முழுக்க ஓடும். கால்பந்து வாங்குவதானால் பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் வேண்டாம். சின்ன வகுப்புக்கு 3-ஆம் எண், நாலாவது, ஐந்தாவதுக்கு 4-ஆம் எண். கூடவே ஒரு பம்பும் நாலு ஊசியும். ஊசி இல்லாததால் காற்று போன பந்துகள் எத்தனை பள்ளி பீரோக்களில் கிடக்கின்றனவோ!

சரி, இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? நிச்சயம் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. இந்தக் குழுவை எஸ்.எம்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், இந்த ஆண்டு விளையாட்டு மானியம் வந்ததா, எதை வாங்கினீர்கள், இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்றா என்று கேளுங்கள். பட்டியலை முடிவு செய்வதற்கு முன்பே கேட்பது இன்னும் நல்லது. மார்ச் மாதம் அவசர அவசரமாக வாங்கும் சாமான் பெரும்பாலும் கடைக்காரர் தள்ளிவிடுவதாகத்தான் இருக்கும்.

பணம் வரவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டாம். 2024-25-ஆம் ஆண்டுக்கு இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் வந்த இழுபறி அது, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மேலே நடக்கும் சண்டைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பந்து என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றும்தான்.

வந்ததா இல்லையா என்று பள்ளியில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், இந்தத் திட்டத்தின் வட்டார அலுவலகமான வட்டார வள மையத்தில் விசாரிக்கலாம். அங்கேயும் இழுத்தடித்தால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். உண்மையிலேயே பணம் வரவில்லை என்றால், 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களிடமோ ஊர்க்காரர்களிடமோ உதவி பெறலாம். கிராம ஊராட்சிகளுக்கு 2024-இல் வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள மட்டைகளும் பந்துகளும் ஊர் இளைஞர்களுக்கானவை.