மீமெய்யியம்: இதில் ‘மிகை’ எங்கே இருக்கிறது?

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கட்டலோனியாவில் உள்ள ஃபிகரெஸ் ஊருக்குப் போய் ஓவியர் சல்வடோர் டாலியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தமிழில் எழுதும்போது ‘மிகை யதார்த்தவாத ஓவியர் டாலி’ என்றே தொடங்குகிறார்கள். ‘சர்ரியலிசம்’ என்ற கலை இயக்கத்துக்கு அவர்கள் தரும் தமிழ்ப்பெயர் அது. ‘மீமெய்யியம்’ என்பதே பொருந்தும் என்கிறேன். காணொளிகளிலும் அதே மிகைதான். யதார்த்தத்தை மிகுத்துக் காட்டுவது கேலிச்சித்திரக்காரர் வேலை. டாலி செய்தது அதுவல்ல.

சர்ரியலிசம் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் ‘மேல்’. அதை மெய்ம்மையைக் குறிக்கும் சொல்லோடு 1917இல் ஒட்டவைத்தவர் கவிஞர் கியோம் அப்போலினேர். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். 1924இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் தம் அறிக்கையில் அச்சொல்லை எடுத்து இயக்கத்துக்குப் பெயராக்கினார். அவ்வளவுதான் வரலாறு.

அப்போலினேர் சொன்ன எடுத்துக்காட்டு ஒன்றே ‘மிகை’யைத் தள்ளப் போதும். நடையைப் போலச் செய்ய நினைத்த மனிதன், காலைப் போலவே இல்லாத சக்கரத்தைப் படைத்தான் என்றார். காலை மிகைப்படுத்தினால் காலில் கட்டி நடக்கும் கோக்கலிக்கட்டைதான் கிடைக்கும், சக்கரம் கிடைக்காது.

ஃபிகரெஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட் பெயரில் மே வெஸ்ட் கூடம் என்று ஓர் அறை. தரையில் நின்றால் உதடு வடிவில் ஒரு சோஃபா, மூக்கு வடிவில் ஒரு கணப்படுப்பு, சுவரில் சட்டமிட்ட இரண்டு ஓவியங்கள், அவ்வளவுதான் தெரியும். சிறு படிக்கட்டில் ஏறி, மேலே பொருத்திய வில்லை (லென்ஸ்) வழியே பார்த்தால் இவை சேர்ந்து அந்த நடிகையின் முகமாகிவிடும். பலர் படிக்கட்டு வரிசைக்குப் பயந்து தரையிலிருந்தே படமெடுத்துக்கொண்டு, ‘என்னவோ சோஃபா வைத்திருக்கிறார்கள்’ என்று போய்விடுகிறார்கள். முகம் அந்த ஒரு புள்ளியிலிருந்து மட்டுமே கூடும். சோஃபா சோஃபாவாகவே இருக்கிறது, எதுவும் மிகுக்கப்படவில்லை. இருக்கிற மெய்க்கு மேல் இன்னொரு மெய் வந்து அமர்கிறது. ‘சுர்’ என்பது இதுதான்.

லிங்கன் ஓவியமும் அப்படியே. கிட்டே போனால் டாலியின் மனைவி காலா, முதுகைக் காட்டி, சன்னல் வழியே கடலைப் பார்த்து நிற்கிறார். பதினெட்டு மீட்டர் தள்ளி நின்றால் ஆபிரகாம் லிங்கன் என்று ஓவியத்தின் தலைப்பே சொல்கிறது. கூட்டத்தில் அவ்வளவு விலக இடம் கிடைக்காதவர்கள் கைபேசித் திரையில் சிறிதாக்கிப் பார்க்கலாம், அல்லது கண்ணைப் பாதி மூடிக்கொள்ளலாம்.

‘மிகை’ செய்யும் இன்னொரு கேடு: புகைப்படமோ என்று ஐயுற வைக்கும்படி நுணுக்கமாக வரைகிற வேறொரு போக்கு உண்டு. ‘மிகை மெய்யியம்’ என்ற பெயர் அதற்கே பொருந்தும். டாலி 1945இல் வரைந்த ரொட்டிக்கூடை இங்கே இருக்கிறது. மேசை விளிம்பில் கூடை, அதில் ரொட்டி, பொருக்குவரை அச்சு அசலாக. மிகை யதார்த்தம் என்று படித்துவிட்டுப் போனவர் இதன் முன் நின்று, ‘ஓ, இதுதானா’ என்று தலையாட்டுவார். தவறான சொல் தவறான ஓவியத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அடுத்த போட்டியாளர் ‘அடிமன வெளிப்பாட்டியம்’. இதை ஆக்கியவர் பிரெத்தோனின் அறிக்கையைப் படித்திருக்கிறார், மறுக்கவில்லை. அறிவின் கட்டுப்பாடு இல்லாமல் மனம் தானாக இயங்குவதே இது என்று பிரெத்தோன் வரையறுத்தார். ஆனால் வரையறையைப் பெயராக்கக் கூடாது. முதலாவது, ‘வெளிப்பாட்டியம்’ ஏற்கெனவே வேறொரு ஜெர்மானிய ஓவிய இயக்கத்துக்கு நாம் கொடுத்துவிட்ட பெயர். அதன் கிளை என்று படிப்பவர் நினைப்பார். இரண்டாவது, டாலி தானியக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே வடிவில் இரு உருவங்களைக் காணும் சித்தப்பிரமையைத் தெரிந்தே வரவழைத்து, கணக்குப் பார்த்து வரைந்தார். மே வெஸ்ட் கூடத்தில் வில்லை இடம் மாறினால் முகம் குலையும். அதை அடிமனம் அளந்து வைக்குமா?

ஆக, ‘மீ’. மேல் என்ற பொருளில் நம்மிடம் பழையது. உரையாசிரியர்கள் ஒருபொருட் பன்மொழிக்குக் காட்டும் ‘மீமிசை ஞாயிறு’, குறளின் ‘மீக்கூறும்’ இரண்டிலும் இருக்கிறது. சிக்கல் மீயில் இல்லை, அதை நாம் படுத்தும் பாட்டில் இருக்கிறது. மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீக்கணினி (சூப்பர்கம்ப்யூட்டர்), மீத்தரவு (மெட்டாடேட்டா) என்று இலத்தீன், கிரேக்கம் எதிலிருந்து எந்த முன்னொட்டு வந்தாலும் மொழிபெயர்ப்பாளர் கை மீயில்தான் போய் விழுகிறது. ‘மேல்’ என்றே பொருள்படும் பிரெஞ்சு ‘சுர்’ வந்தபோது மட்டும் அதை விட்டுவிட்டு மிகைக்கு ஓடியிருக்கிறோம்.

மீயோடு சேர வேண்டியது மெய். ‘யதார்த்தம்’ வடசொல் என்பதால் மட்டும் சொல்லவில்லை. ‘மீயதார்த்தவாதம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இங்கே ஈற்றைக் கவனிக்க வேண்டும். சிலர் ‘மீமெய்யியல்’ என்று எழுதுகிறார்கள். மெய்யியல் என்றால் தத்துவம். அதன்மேல் மீ ஏறினால் தத்துவத்துக்கும் அப்பாற்பட்ட துறை என்றாகும், ஓவியம் நினைவுக்கே வராது. இயல் என்பது துறைக்கு, இயம் என்பது கொள்கைக்கு. இது மீமெய்யியம், அது காட்டும் நிலை மீமெய்ம்மை, அந்த ஓவியர் மீமெய்யியர்.

‘சர்ரியலிசம்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன என்பவர்கள் அதை உரக்கப் படிக்கட்டும். ரகரமும் ழகரமும் தம்முன் தாம் வராது என்று தொல்காப்பியம் சொல்வது வெறும் சட்டமல்ல, நம் நாக்கின் பழக்கம். அதனால்தான் பாதிப்பேர் ‘சரியலிசம்’ என்கிறார்கள், அது ஏதோ சரி பார்க்கும் இயக்கம்போல ஒலிக்கிறது.

விமான நிலையத்தில் பெட்டி தொலைந்ததையும், மழையில் பேருந்து நின்றதையும் ‘சர்ரியலான அனுபவம்’ என்பவர்களுக்கு மீமெய்யும் வேண்டாம். ‘கனவு மாதிரி இருந்தது’ போதும். மழையென்றால், ஃபிகரெஸ் முற்றத்தில் நிற்கும் காடிலாக் காருக்குள் பெய்வதுதான் மீமெய்ம்மை. காசு போட்டால் வெளியே வெயில், உள்ளே மழை.

‘தியேட்டர்-மியூசியம்’ என்ற அருங்காட்சியகத்தின் பெயரும் தப்பவில்லை. அதைத் ‘திரையரங்க அருங்காட்சியகம்’ ஆக்குகிறவர்கள் உண்டு. அங்கே திரையும் இல்லை, படமும் ஓட்டவில்லை. அது ஊர் நாடக அரங்கு. உள்நாட்டுப் போரின் முடிவில், 1939இல் எரிந்தது. அதன் இடிபாட்டின்மேல் கண்ணாடிக் கூண்டுக் கூரை எழுப்பி 1974இல் டாலி திறந்தார். 1989இல் இறந்தபின் அவரைப் புதைத்ததும் அந்தப் பழைய மேடைக்கு அடியில்தான். நாடக அரங்கு என்று எழுதினால்தான் மேடை ஏன் அங்கே இருக்கிறது என்பதே புரியும்.