நஞ்சுக்கொடி முந்திப் பிரிந்தால்

குழந்தை பிறந்த பிறகுதான் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரை விட்டுப் பிரிய வேண்டும். 100 கர்ப்பங்களில் ஏறக்குறைய ஒன்றில் அது முந்திக்கொள்கிறது. பெரும்பாலும் தாயின் பக்கத்து ரத்தக்குழாய் ஒன்று கிழிவதில் தொடங்கும். கசிந்த ரத்தம் நஞ்சுக்கொடிக்கும் சுவருக்கும் நடுவே தேங்கி, கட்டியாகப் பெருத்து, மிச்சப் பகுதியையும் நெம்பிவிடும். பிரிந்த அளவுக்குக் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும்.

சட்டென்று ஆரம்பித்து, இடைவிடாமல் வலிக்கும் வயிறு அல்லது முதுகு, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவைதான் முக்கிய அறிகுறிகள். பிரசவ வலி வந்து வந்து போகும். இடையில் வயிறு தளரும். இதிலோ தொட்டுப் பார்த்தால் வயிறு பலகை மாதிரி இறுகியே இருக்கலாம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் கீழிறங்கி இருப்பது வேறு பிரச்சினை. அதில் வரும் ரத்தப்போக்கில் பொதுவாக வலி இருக்காது.

ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கிவிடும். ‘கொஞ்சம்தானே பட்டிருக்கு’ என்று இருந்துவிட்டால், உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சரி, ஸ்கேனில் தெரியாதா? புதிதாகத் தேங்கிய ரத்தம் திரையில் நஞ்சுக்கொடியைப் போலவே தெரிவதால், பல சமயம் தப்பிவிடும். ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், வலியையும் வயிற்றின் இறுக்கத்தையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

இன்னொரு ஆபத்து ரத்தம் உறைவதில். சேதமான இடத்திலிருந்து உறைவைத் தூண்டும் பொருள் தாயின் ரத்தத்தில் கலந்து, ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருளைத் தீர்த்துவிடும். அது டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே போனால், பிரசவத்துக்குப் பின் கடுமையான ரத்தப்போக்கு வர வாய்ப்பு அதிகம்.

பிரிந்ததை ஒட்டவைக்க மருந்து கிடையாது. குழந்தையோ தாயோ ஆபத்தில் இருந்தால் உடனே பிரசவம், பெரும்பாலும் சிசேரியன். குழந்தை வயிற்றிலேயே இறந்து, தாயின் நிலை சீராக இருந்தால் சுகப்பிரசவத்துக்கே முயல்வார்கள். லேசான பிரிவு, மாதமும் குறைவு என்றால் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் தேவைப்படலாம்.

உயர் ரத்த அழுத்தம், புகைபிடித்தல், இரட்டைக் கரு, வயிற்றில் அடி ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் விழுந்தாலோ வண்டி மோதினாலோ, வெளிக்காயம் இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். குறைந்தது 4 மணி நேரமாவது குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள். முந்தைய கர்ப்பத்தில் இப்படி நடந்திருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். முதல் பரிசோதனையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.