எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் மேலாளராக இருக்கும் பலர் அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவர்கள். கட்டிங்கில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இன்று புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். தோலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமைக்காகத்தான் பதவி உயர்வு வந்தது. ஆனால் பதவியோடு வேலையும் மாறிவிட்டது என்பதைப் பற்றி யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். மேலாளர்களோடு தனியாக உட்கார்ந்து, கேள்வி கேட்டு, அவர்களையே யோசிக்க வைப்பதுதான் எக்ஸிகியூட்டிவ் கோச்சிங். அந்தப் பெயரில் நான் செய்வதில் பெரும்பகுதி, அப்படி விட்டுப்போன பேச்சைப் பேச வைப்பதுதான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏற்றுமதிக் காலணி ஆலை ஒன்றின் புரொடக்‌ஷன் மேனேஜர். சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தோம். போன் விடவில்லை. "சார், பசை தீந்துடுச்சு, ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கு?" "ரெண்டாவது லைன்ல ஆள் குறையுது, யாரை மாத்தி விடறது?" "லாஸ்டிங் மெஷின்ல ஹீட் எவ்வளவு வைக்கணும்?" ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் சரியான பதில் சொன்னார். போனை வைத்துவிட்டு, "பாத்தீங்களா, நான் இல்லன்னா இங்க ஒன்னும் ஓடாது" என்றார். பெருமையும் அலுப்பும் கலந்த குரல் அது.

வந்த அழைப்புகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "இதில் உங்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி எது?" நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் வட்டமிட்டார். ஷிப்மென்ட் தள்ளிப்போவதை பையரிடம் எப்போது சொல்வது என்பது அது. மற்றதெல்லாம் சூப்பர்வைசர்களே முடிவு செய்யக்கூடியவை. "அப்புறம் ஏன் உங்களைக் கேட்கிறார்கள்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "தப்பா செஞ்சா கத்துவேன்ல, அதான்."

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவர் வாதாடியிருப்பார். அவர் வாயிலிருந்தே வந்ததால்தான் அதற்கு மதிப்பு. 1980களில் பிரிட்டனில் கோச்சிங் முன்னோடி ஜான் விட்மோரும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய 'க்ரோ' முறை இதற்குத்தான் உதவுகிறது. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப்போகிறோம். இந்த நான்கும் கேள்விகளாகத்தான் வரும். பதில் எதிரில் இருப்பவருடையது.

அடுத்த சில வாரங்களுக்கு அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி சின்னது. யார் எது கேட்டாலும் முதலில், "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பது. சொன்ன வழி தன் வழியாக இல்லாவிட்டாலும், நஷ்டமோ ஆபத்தோ இல்லையென்றால், "சரி, செய்யுங்க" என்பது. முதல் வாரம் லைனே குழம்பிப்போனது. "சார், எம்மேல ஏதாவது கோபமா?" என்று ஒரு சூப்பர்வைசர் வந்து கேட்டாராம். அதனால் இப்போதெல்லாம் மற்றவர்களிடம் முதலிலேயே சொல்கிறேன்: பழக்கத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டு, ஏன் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கருத்துக் கேட்பது இன்னொரு பெரிய விஷயம். மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லோரிடமும் கேட்கும் 360 டிகிரி மதிப்பீட்டைப் படிவமாகக் கொடுத்தால், நம் பக்கம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் எழுதி வரும். பெரியவரைப் பற்றிக் குறை எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வராது. தனித்தனியாக உட்கார்ந்து பேசி, யார் சொன்னார் என்று தெரியாதபடி தொகுத்துக் கொடுத்தால்தான் உண்மை வெளிவரும். அந்த மேனேஜரைப் பற்றி அப்படிப் பேசியபோது, மேல்பாகம் தைக்கும் க்ளோஸிங் லைனிலிருந்து வந்த ஒரு வரி: "சார் பின்னாடி வந்து நின்னா கை நடுங்குது, தையல் கோணிடுது." ரிஜெக்‌ஷனைக் குறைக்கத்தான் அவர் அங்கே போய் நிற்கிறார். அதைப் படித்த பிறகு, இது உண்மையா என்றுகூட அவர் கேட்கவில்லை.

இவர்கள் மீதிருக்கும் சுமையையும் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேலாளரின் அன்றாடக் கவலைகளில் ஒன்றாகிவிட்டது. அதோடு வெளிநாட்டு பையர்களின் ஆடிட், வேலை நேரக் கணக்கு, பாதுகாப்பு விதிகள். இத்தனையையும் ஒருவரே தலையில் போட்டுக்கொண்டால் உடம்பு தாங்காது. வேலூர் மருத்துவமனைகளில் நேற்றுவரை உடன் டியூட்டி பார்த்த செவிலியர் இன்று இன்சார்ஜ் ஆகும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோழிக்கு நைட் டியூட்டி போட மனசு வராமல், அந்த டியூட்டியைத் தானே பார்த்துக் களைத்துப் போவார்.

கோச்சிங் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. வேலை தெரியாதவருக்குத் தேவை பயிற்சி. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்குத் தேவை மனநல மருத்துவர். அப்படித் தெரிந்தால் கோச் உடனே அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். வேலையை விட்டு நீக்குவதென்று முடிவெடுத்துவிட்டு, பெயருக்கு ஒரு கோச்சைப் போடும் நிர்வாகத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

கோச் என்று யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். அதனால் விசாரியுங்கள். 1995ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது. ஏ.சி.சி.க்குக் குறைந்தது 100 மணி நேரம், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரக் கோச்சிங் அனுபவம் வேண்டும். சான்றிதழ் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். ஷாப் ஃப்ளோரைக் கண்ணால் பார்க்காமல் ஹோட்டல் அறையிலேயே பேசிவிட்டுப் போகிறவரைவிட, லைனில் நடந்து பார்த்துவிட்டு வருபவர் மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எது யாரிடம் போகும் என்ற ஒப்பந்தம். பணம் கொடுப்பது நிறுவனம், மனம் திறந்து பேசுவது மேலாளர். எந்த இலக்கு, எத்தனை சந்திப்பு, முன்னேற்றம் எப்படித் தெரியும் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியலாம். உள்ளே பேசியது தெரியக் கூடாது. முதல் சந்திப்புக்கு முன்பே மூவரும் உட்கார்ந்து இதை எழுதிவிடுவது நல்லது. அந்தக் காலணி ஆலையில் இந்தப் பேச்சின்போதுதான், மேனேஜரை விட்டுவிட்டு முதலாளியே சூப்பர்வைசர்களுக்கு நேராகப் போன் போடுவது பேச்சில் வந்தது. "அதை நான்தான் நிறுத்தணும்" என்று முதலாளி பாய் சொன்னார். ஒப்பந்தத் தாளில் அவர் பெயரில் ஏறிய ஒரே இலக்கு அதுதான்.